இரண்டாவது ஆள்

(பெரியகுளத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்குக் கெளுத்தி மீனில் தொடங்குகிறேன். வைகை அணைப் பக்கம் போய் மீன் வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். கெளுத்தி என்ற சொல்லை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, ககரம், அடுத்து ‘ளு’. அதற்குக் கீழே கௌதம் என்று எழுதுங்கள். மறுபடி ஒற்றைக்கொம்பு, ககரம், அடுத்து ளகரம் போல ஒன்று. கையால் எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே வடிவம்தான். கணினிக்கு அப்படி இல்லை. கௌதமில் இருப்பது ளகரமே கிடையாது, ஔகாரக் குறியின் வலப்பாதி. அவசரத்தில் தட்டச்சு செய்பவர்கள் அந்த இடத்தில் உண்மையான ளகரத்தையே போட்டுவிடுகிறார்கள். படிக்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடுகிற இயந்திரத்துக்குத் தெரியும். கௌதம் என்று சரியாக எழுதித் தேடுகிறவருக்கு அந்த வரி அகப்படாமலே போகும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிற ஒருவர் இதைத் துப்புரவு செய்ய முனைகிறார் என்று வையுங்கள். ஒரே வரியில் நிரல் எழுதுகிறார்: ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்தை அடுத்து ளகரம் வந்தால், கொம்பையும் ளகரத்தையும் எடுத்துவிட்டு ஔகாரக் குறியைப் போடு. பொத்தானை அழுத்துகிறார். கௌதம் பிழைத்தான். பௌர்ணமி பிழைத்தது. வௌவால் பிழைத்தது. கெளுத்தி செத்தது. கூடவே வெள்ளம், தெளிவு, வெளிநாடு எல்லாம் உடைந்து, புள்ளியும் இகரமும் உகரமும் ஒட்டிக்கொள்ள ஓர் எழுத்தில்லாமல் தொங்குகின்றன.

அப்போது இன்னொருவர் வந்து பேச்சுப் பக்கத்தில் எழுதுகிறார்: “அண்ணே, ளகரத்துக்கு அடுத்து என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு மாத்துங்க. புள்ளியோ காலோ கொம்போ சுழியோ ஒட்டியிருந்தா அது நெசமான ளகரம், தொடாதீங்க. ஒண்ணும் ஒட்டலைன்னா மாத்திக்கலாம்.” நிரலில் ஒரு நிபந்தனை கூடுகிறது. கெளுத்தி உயிரோடு திரும்புகிறது.

நான் பேச வந்தது இந்த இரண்டாவது ஆளைப் பற்றி. நிரல் எழுதுகிறவருக்குப் பாராட்டு கிடைக்கிறது, சில நேரம் பயனர் பக்கத்தில் பதக்கமும் கிடைக்கிறது. அதை வாசித்து, பிழை கண்டு, திருத்திக் கொடுத்து, எழுதியவர் போன பிறகும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிற ஆளை யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழில் நமக்குப் பஞ்சம் அந்த ஆளுக்குத்தான்.

கொஞ்சம் பின்னால் போய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியாவில் கட்டுரையை யாரும் திருத்தலாம் என்பது ஊரறிந்தது. அந்தத் தளம் உங்கள் திரையில் எப்படித் தெரிய வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரியாது. கணக்குத் தொடங்கிய ஒவ்வொருவரும் தம் பயனர் பக்கத்தின் கீழே ‘காமன் டாட் ஜேஎஸ்’ என்று ஒரு துணைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். அதில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதி வைத்தால், நீங்கள் புகுபதிகை செய்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது உங்கள் உலாவியில் ஓடும். உங்களுக்கு மட்டும்தான் ஓடும். நன்றாக இருந்தால் நண்பர் கேட்பார். அவர் தன் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து உங்கள் நிரலை அழைத்துக்கொள்வார். நாலு பேர் நாற்பது பேரானால் சமூகம் கூடிப் பேசி, ‘விருப்பத்தேர்வுகள்’ பக்கத்தில் அதைக் கருவியாக ஏற்றிவிடும். அதற்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரையே கேள்விப்படாத தமிழாசிரியரும் ஒரு சரிக்குறி போட்டுப் பயன்படுத்தலாம்.

இப்படி வந்த கருவிகளில் சில உலகப் புகழ் பெற்றவை. இணைப்பின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அந்தக் கட்டுரையின் முன்னோட்டம் மேலெழும் கருவியை 2005 வாக்கில் எழுதியவர் லூபின் என்ற புனைபெயர்க்காரர். கட்டுரைக்குப் பகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஹாட்கேட்டின் முதல் வடிவம் மாக்னஸ் மான்ஸ்கே எழுதியது. ஜெர்மன்காரரான மான்ஸ்கே படிப்பால் உயிர்வேதியியலாளர். 2002 ஜனவரி 25 அன்று விக்கிப்பீடியா மாறிக்கொண்ட மென்பொருளும் அவர் எழுதியதுதான். விசமத் தொகுப்புகளை ஒரே சொடுக்கில் மீளமைக்க உதவும் ட்விங்கிளை 2007-இல் தொடங்கியவரை அசாடாத் என்ற பயனர்பெயரில்தான் உலகம் அறியும். இவர்களுக்கு இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகு உட்கார்ந்து செய்த வேலை.

தமிழுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க நாள் 2003 செப்டம்பர் 30. அதை நிமிர்த்தி நிறுத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். அபுதாபியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதியவர். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு 2015-ஆம் ஆண்டின் இயல் விருதைக் கொடுத்தது. நம் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. தேனி மு. சுப்பிரமணி தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ‘முத்துக்கமலம்’ இணைய இதழை நடத்துபவரும் அவர்தான். ஆகவே இது சென்னைக்காரர்கள் சங்கதி, நமக்கு எதற்கு என்று யாரும் ஒதுங்க முடியாது.

ஆரம்ப காலத்தில் பெரிய தலைவலி கட்டுரை எழுதுவது கூட இல்லை, தட்டச்சு. வீட்டுக் கணினியில் தமிழ் மென்பொருள் இருக்கும். கணினி மையத்துக்குப் போனால் இருக்காது. தமிழ்நாட்டரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தாகிவிட்டது. ஆனால் அதைப் போட்டுக் கொடுக்க ஆள் வேண்டுமே. தீர்வு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மலையாள விக்கிப்பீடியாவில் எழுத்துப்பெயர்ப்புத் தட்டச்சுக்கென உருவான நிரலை ஜுனைத் என்ற கேரளத்து இளைஞர் ‘நாராயம்’ என்ற நீட்சியாக வளர்த்தார். 2011-இல் அது தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி விக்கிகளில் நிறுவப்பட்டது. உலாவியில் எந்த மென்பொருளும் ஏற்றாமல், தொகுக்கும் பெட்டியிலேயே தமிழ்99-இலோ ஒலிபெயர்ப்பு முறையிலோ அடிக்கலாம் என்றானது. 2013-இல் அதன் இடத்தை வேறொரு நீட்சி எடுத்துக்கொண்டாலும், விசைப்பலகை வரைவுகள் நாராயத்திலிருந்து போனவைதான். கம்பம் பள்ளத்தாக்குக்கு மலை தாண்டித் தண்ணீர் வருவதைப் பற்றி நாம் நூறாண்டுக்கு மேலாகப் பேசுகிறோம், வழக்காடுகிறோம். தட்டச்சு நிரலும் அதே திசையிலிருந்துதான் வந்தது, எந்த வழக்கும் இல்லாமல்.

இங்கேதான் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கியில் ஓடுகிற நிரலை எடுத்து இங்கே ஒட்டினால் ஓடிவிடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரியகுளத்தில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிற ஊரில் இதை விளக்குவது எளிது. ஒட்டுக்குச்சி எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும், கீழே இருப்பது நாட்டுக் கொட்டையில் முளைத்த வேர்க்கன்று. பட்டையும் பட்டையும் பொருந்த வேண்டும். பொருந்திய பிறகும் ஒட்டுக்குக் கீழே வேர்க்கன்று சொந்தமாகத் துளிர்விடும். அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்து விட்டுவிட்டால் இரண்டு வருடத்தில் காசா மாம்பழம் கனவாகிவிடும், நாட்டு மாங்காய்தான் காய்க்கும்.

நிரலில் பட்டை பொருந்தாத இடங்களைக் கேளுங்கள். ஆங்கில நிரல் ‘கேட்டகிரி’ என்ற சொல்லைத் தேடும். இங்கே அது ‘பகுப்பு’. பயனரின் பேச்சுப் பக்கத்தை ஆங்கிலப் பெயரில் தேடும். இங்கே அது ‘பயனர் பேச்சு’. நீக்கல் வார்ப்புருவின் பெயர் வேறு, வரவேற்பு வார்ப்புருவின் பெயர் வேறு. இவை எல்லாம் பட்டியல் போட்டு மாற்றிவிடக்கூடியவை. ட்விங்கிள் போன்ற பெரிய கருவியைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோக வசதியாக, மொழிக்கு மொழி மாறும் பகுதியையும் மாறாத பகுதியையும் பிரித்துத் தரும் நிரல் தொகுப்பையும் ஒரு தன்னார்வலர் எழுதி வைத்திருக்கிறார்.

மொழியின் தன்மையால் வருகிற சிக்கல் அப்படிப் பட்டியலில் அடங்காது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குறி உண்டு. அந்தக் குறிக்கு எழுத்து என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, இவ்வளவுதான். தமிழ் எழுத்து எதையும் அது எழுத்தாகவே எண்ணாது. ஆங்கில விக்கியில் வருடக்கணக்காக ஓடிய நிரல் தமிழில் வந்து ஊமையாக நிற்பதற்குப் பாதிக் காரணம் இந்த ஒற்றைக் குறி. பிழைச்செய்தி கூட வராது. எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும். கொண்டுவந்தவர் தன் தவறு எங்கே என்று தலைமுடியைப் பிய்த்துக்கொள்வார்.

அதைத் தாண்டினால் வேற்றுமை உருபு. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘பெரியகுளம்’ என்று வரும் இடத்திலெல்லாம் ஊர்க் கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்க ஒரு நிரல் எழுதுகிறீர்கள். கட்டுரைகளில் பெரியகுளம் என்று எவ்வளவு வருகிறதோ அவ்வளவு பெரியகுளத்தில், பெரியகுளத்துக்கு, பெரியகுளத்திலிருந்து என்றும் வரும். மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிடுகிறது. ஆங்கிலக்காரருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு தனிச்சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார். சரி, அதையும் கணக்கில் எடுத்து எழுதிவிட்டீர்கள். நிரல் ஓடுகிறது. கோயம்புத்தூர் உக்கடத்தில் பெரியகுளம் என்று ஓர் ஏரி இருக்கிறது. அந்த ஏரியைப் பற்றிய வரியை உங்கள் நிரல் வராக நதிக்கரைக்கு இழுத்து வந்து தேனி மாவட்டத்தில் கட்டிப் போட்டிருக்கும்.

ஆகவேதான் விவரம் தெரிந்தவர்கள் தாமாகவே எல்லாவற்றையும் மாற்றித் தள்ளும் நிரலைவிட, மாற்ற வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு மனிதர் ‘சரி’ என்று அழுத்தும்வரை காத்திருக்கிற நிரலை விரும்புகிறார்கள். கருவியைப் பயன்படுத்திச் செய்த தொகுப்புக்குப் பொறுப்பு கருவியை எழுதியவருக்கு இல்லை, பொத்தானை அழுத்தியவருக்குத்தான். பக்க வரலாற்றில் அவர் பெயர்தான் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்குகளில் இது ஒன்று.

இனி, உதவி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் கூடிப் பேசுகிற இடத்தின் பெயர் ஆலமரத்தடி. தொழினுட்பச் சங்கதிகளுக்குத் தனி ஆலமரத்தடியே உண்டு. புதியவர்களுக்கு ஒத்தாசைப் பக்கம். கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “நேற்றுவரை இருந்த பொத்தானை இன்று காணவில்லை.” பதில் சொல்கிறவர் உடனே விடையைத் தூக்கிப் போடமாட்டார், நல்லவராக இருந்தால். எந்த உலாவி, எந்தத் தோற்றம், வேறு நிரல் ஏதாவது சேர்த்தீர்களா, எஃப்12 விசையை அழுத்தி வருகிற பெட்டியில் சிவப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். கேட்டவர் அந்தச் சிவப்பு வரியை முதன்முதலாகப் பார்ப்பார். அதில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று இருக்கும். அதைப் படித்துச் சொன்ன கணத்தில் அவர் பாதி நிரலாளர் ஆகிவிட்டார். அவருக்கே அது தெரியாது.

இன்னொரு வகைப் பதிலும் உண்டு. “எனக்கு வேலை செய்கிறதே!” அதோடு முடிந்தது. கேட்டவர் திரும்பி வரமாட்டார். தொழில் தெரிந்தவர்களிடம் உள்ள இந்தத் திமிர் தன்னார்வ உலகத்தில் இன்னும் மோசமாகக் கடிக்கும். அங்கே கேட்க வந்தவரைப் பிடித்து வைக்கச் சம்பளமும் இல்லை, கட்டாயமும் இல்லை.

இந்த உரையாடல் எல்லாம் எழுத்தில் நடக்கிறது, ஊர் பார்க்க நடக்கிறது, கையொப்பமும் தேதியும் சேர்ந்து நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். போனில் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம்தான். தீர்த்தால் இருவருக்குத் தெரியும். ஆலமரத்தடியில் தீர்த்தால், மூன்று வருடம் கழித்து அதே சிவப்பு வரியைப் பார்க்கிற கம்பத்துப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் அது பதிலாகக் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுக்கள் வந்த பிறகு இந்தப் பழக்கம் தேய்கிறது. பதில் சீக்கிரம் வருகிறது, சீக்கிரம் தொலைகிறது.

நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. இன்னொருவர் நிரலை உங்கள் பக்கத்தில் சேர்ப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதுதான். அந்த நிரல் உங்கள் பெயரில் எழுதும், உங்கள் பெயரில் அழிக்கும். நீங்கள் நிர்வாகியாக இருந்தால் நிர்வாகியின் அதிகாரத்தோடே செய்யும். அதனால்தான் ஒருவருடைய ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தை மற்றச் சாதாரணப் பயனர்கள் திருத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். தளம் முழுவதற்கும் பொதுவான நிரல்களை முன்பு எல்லா நிர்வாகிகளும் மாற்றலாம். 2018 ஆகஸ்டிலிருந்து அந்த உரிமையைப் பிரித்து ‘இடைமுக நிர்வாகிகள்’ என்ற தனிக் குழுவுக்கு மட்டும் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம். பாதுகாப்புக்கு இது சரியான ஏற்பாடு. சிறிய விக்கிகளுக்கு இதன் விலை அதிகம். தமிழில் இந்த உரிமை உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் வேறு வேலையில் இருந்தால் ஒரு கருவியின் ஒற்றைப் பிழை மாதக்கணக்கில் கிடக்கும்.

பிழை கிடப்பது இருக்கட்டும், அது ஏன் வருகிறது, எழுதினபோது சரியாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். அடியில் இருக்கிற மென்பொருளான மீடியாவிக்கி மாறிக்கொண்டே இருக்கிறது. மீடியாவிக்கியின் ஆரம்பக் காலத்துப் பொது நிரல் தொகுதியை நம்பி எழுதியவை, அந்தத் தொகுதியைப் படிப்படியாக எடுத்துவிட்டபோது நின்றன. 2017-இல் ஜேகுவெரி என்ற நிரல் நூலகத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியபோது இன்னும் சில தடுமாறின. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா ‘வெக்டர் 2022’ என்ற புதிய தோற்றத்துக்கு மாறியது. பழைய தோற்றத்தில் ஒரு பொத்தான் எந்த இடத்தில் இருக்கும் என்று நம்பி எழுதிய நிரல்களெல்லாம் இடம் தெரியாமல் முழித்தன. ஆங்கிலத்தில் இப்படி நடந்தால் ஒரே வாரத்தில் பத்துப் பேர் பாய்ந்து சரிசெய்வார்கள். அங்கிருந்து எடுத்து வந்து இங்கே நட்ட பிரதி பழைய பிரதியாகவே நிற்கும். எல்லா விக்கிகளுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் கருவியை வைத்துப் பராமரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் கேட்டுவருகிறார்கள். ஏற்பாடு முழுமையாகக் கைகூடாதவரை, ஒவ்வொரு மொழியும் தன் பிரதியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே கொண்டுவந்து நட்டவர் எங்கே என்று தேடினால், அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், வேலை மாறியிருக்கும், பிள்ளை பிறந்திருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. வந்து கொடுத்துவிட்டுப் போனதே பெரிது. அவர் போகும்போது அந்த நிரலை வாசிக்கத் தெரிந்த இன்னொருவரை விட்டுப் போனாரா என்பதுதான் கேள்வி.

விட்டுப் போகும் வழக்கம் உள்ள ஓர் எடுத்துக்காட்டு தமிழிலேயே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் உட்பட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மின்வருடல்களைப் பொதுவெளிக்குத் தந்தது. அவை படங்கள், எழுத்தாக மாற்றினால்தான் விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான தமிழ் விக்கிமூலத்தில் பிழைதிருத்த முடியும். கூகுள் டிரைவில் தமிழ்ப் படத்தை ஏற்றினால் எழுத்தாக்கித் தரும் வசதி இருந்தது. ஒவ்வொரு பக்கமாகக் கையால் ஏற்றினால் ஆயுள் போதாது. த. சீனிவாசன் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளுக்கு அனுப்பி, வந்த எழுத்தை விக்கிமூலத்தின் உரிய பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும் நிரல். இலட்சக்கணக்கான பக்கங்கள் இப்படி எழுத்தாயின. நான் அதைவிட முக்கியமாகக் கருதுவது, நிரலை எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் திறந்து வைத்ததும், எப்படி நிறுவுவது என்று படிப்படியாக எழுதி வைத்ததும். பிற இந்திய மொழி விக்கிமூலக்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பிழை கண்டவர்கள் எழுதித் தெரிவித்தார்கள்.

‘கட்டற்ற’ என்று பெயர் போட்டுக்கொண்டு, ஒரு வரி விளக்கம் கூட இல்லாமல் கிடக்கும் நிரல்களை நினைத்துப் பாருங்கள். சட்டப்படி அவை திறந்தவைதான். திறந்து உள்ளே போனால் இருட்டு. மாறிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர், ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒரு குறிப்புக் கிடையாது. தமிழுக்காக எழுதிய நிரலுக்குத் தமிழில் குறிப்பு எழுதுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், வெளிநாட்டவர் உதவுவார்கள் என்று ஒரு கட்சி உண்டு. வெளிநாட்டவருக்கு ‘கெள’ சிக்கல் புரியாது ஐயா. புரிகிற ஆளுக்கு எழுதுங்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கேட்டால் அதுவே நிரல் எழுதித் தருகிறதே என்று ஒரு தம்பி உள்ளே வரும்போதே கேட்டார். தருகிறது. நன்றாகவே தருகிறது. அது எழுதிய நிரலை எழுதச் சொன்னவரும் வாசிக்காவிட்டால், முதல் ஆள் கூட இல்லாத நிரல் ஒன்று தளத்தில் சேர்கிறது, அவ்வளவுதான். அது எழுதட்டும், நீங்கள் வரிவரியாக வாசியுங்கள். அதனிடமே விளக்கம் கேட்டு வாசியுங்கள். வாசிக்கக் கற்றுக்கொள்ள இவ்வளவு பொறுமையான வாத்தியார் எங்கள் காலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

போனில் செய்ய முடியுமா என்றும் கேட்டார். நேர்மையாகச் சொன்னால் சிரமம். கருவிகளில் பல கைப்பேசித் தோற்றத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இல்லை. பக்கத்தின் அடியில் கணினித் தோற்றத்துக்கு மாறும் இணைப்பு இருக்கிறது. மாறினால் எழுத்து பொடியாகிவிடும், ஆனால் கருவி வரும். இந்த ஊரில் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது போன்தான். கைப்பேசியில் ஓடுகிற மாதிரி ஒரே ஒரு கருவியைத் திருத்திக் கொடுக்கிறவர் புதிதாகப் பத்துக் கருவி எழுதுகிறவரைவிட அதிகம் பேருக்கு உதவியவர் ஆவார் என்பது என் கணக்கு.

கடைசியாக நம் வீட்டு வாசலில் நிற்கிற ஒரு வேலை.

நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் இராசாராமனை இணையத்தில் தமிழ் எழுதுகிறவர்கள் அறிவார்கள். ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியும் ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் அவர் செய்தவை. 2010-களின் நடுவில் தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகள் பற்றிய அரசுத் தரவை எடுத்து, தன் தானியங்கியின் வழியாக ஊராட்சிக்கு ஒரு கட்டுரை என்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றினார். அப்போது தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஊராட்சிகள் இருந்தன. 2017-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு இலட்சம் கட்டுரையைத் தொட்டதில் இந்தக் கட்டுரைகளுக்குப் பெரிய பங்கு. இயந்திரம் எழுதியதெல்லாம் கட்டுரையா என்று அப்போதும் முணுமுணுத்தார்கள், இப்போதும் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் ஒரே அச்சில் வார்த்த நடை அலுப்புத்தான். ஆனால் ஜெயமங்கலத்துக்கும் மேல்மங்கலத்துக்கும் எண்டப்புளிக்கும் சில்வார்பட்டிக்கும் தனித்தனிப் பக்கம் வேறு எந்தக் கலைக்களஞ்சியம் கொடுத்தது? எத்தனை குடிநீர் இணைப்பு, எத்தனை கைக்குழாய், எத்தனை மேல்நிலைத் தொட்டி, எத்தனை ஊரணி, சுடுகாடு எத்தனை என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது.

அந்தப் பக்கங்களில் உள்ள மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி. அடுத்த கணக்கெடுப்பு தள்ளித் தள்ளிப் போய், 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்டு நடக்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்த எண்கள் வெளிவரும்போது பன்னிரண்டாயிரம் பக்கங்களையும் யார் மாற்றுவது? மாற்றுகிற நிரல் பெரிய வித்தை இல்லை. ஓர் அட்டவணையைப் படிக்க வேண்டும், பக்கத்தைத் திறக்க வேண்டும், எண்ணை மாற்ற வேண்டும், சேமிக்க வேண்டும். பழைய நிரலை எழுதியவர்தான் வந்து செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சிக்கல் நிரலுக்கு வெளியே இருக்கிறது. கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்தின் பெயரில் வரும். நம் கட்டுரைகள் ஊராட்சியின் பெயரில் இருக்கின்றன. ஓர் ஊராட்சிக்குள் எந்தெந்த ஊர், எந்தக் கிராமத்தில் எவ்வளவு பகுதி என்பதை முதலில் ஒத்துப் பார்க்க வேண்டும். அரசுப் பட்டியலில் ஆங்கில எழுத்தில் வாடிப்பட்டி என்று இருந்தால் இயந்திரத்துக்கு எல்லாம் ஒரே வாடிப்பட்டி. மதுரைப் பக்கத்து வாடிப்பட்டி வேறு. நம் ஒன்றியத்துக்குள்ளேயே ஏ. வாடிப்பட்டி ஒன்று, டி. வாடிப்பட்டி ஒன்று. ஜெயமங்கலத்தை ஒருவர் செயமங்கலம் என்று எழுதியிருப்பார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து நிரல் எழுதுகிறவருக்கு இதைப் பிரித்துச் சொல்ல இங்கே இருக்கிற ஆள் வேண்டும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டாம், பஸ் போகிற பாதை தெரிந்தால் போதும்.

பெரியகுளம் ஊராட்சி ஒன்றியத்தில் 17 ஊராட்சிகள். வாசல் பக்கம் மேசையில் அந்தப் பட்டியலை அச்சிட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதில் அடங்கிய சிற்றூர்களை எழுத இடம் விட்டிருக்கிறது. டீ வந்துவிட்டது என்கிறார்கள். குடித்துவிட்டு, அவரவர் ஊர் வரியில் பேனாவை வையுங்கள். வடகரைக்காரர்கள் தென்கரைக்காரர் எழுதியதைச் சரிபாருங்கள், அவர்கள் உங்களுடையதைப் பார்க்கட்டும்.